அம்மா கைப்பிடியைப் பிடித்தால் சுருக்கென்கிறது: குளத்து டிபி பெட்டிக்கு எர்த் எப்படி இருக்க வேண்டும்?

செகாம்புட் மூலைவீடு:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கோலாலம்பூர் செகாம்புட்டில், மூலை வீடு. அம்மாவுக்கு 71 வயது. போன வருஷம் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. தண்ணீருக்குள் நடந்தால் மூட்டில் பாரம் இறங்காது என்று பிசியோ சொன்னார். பக்கவாட்டு நிலம் சும்மாதான் கிடந்தது. அதில் 6 மீட்டருக்கு 3 மீட்டரில் ஒரு சின்னக் குளம் கட்டினேன். ஆழம் 1.1 மீட்டர். கான்கிரீட் தொட்டி, ஓடு பதித்தது, உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி, ஒரு குதிரைத்திறன் பம்பு. அம்மா இறங்குவதற்குப் படிக்கட்டும் எஃகுக் கைப்பிடியும் வைத்தோம்.

ஆறு வாரம் நன்றாகத்தான் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, "தம்பி, கம்பியப் புடிச்சா எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குங்குது" என்றார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் கை கால் மரத்துப்போவது உண்டு, அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நானே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பிடித்தேன். அம்மா சொன்னது சரி. அன்றிலிருந்து யாரையும் குளத்தில் இறக்கவில்லை. அம்மாவின் பேச்சை ஒரு நாள் தள்ளிப் போட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மல்டிமீட்டரில் அளந்தேன். ஈரத் தரையில் ஒரு எஃகுத் தட்டை வைத்து, அதற்கும் கைப்பிடிக்கும் நடுவே 4.2 வோல்ட் காட்டியது. பம்பை நிறுத்தினால் 0.3 ஆக இறங்குகிறது.

மின் அமைப்பு இப்படி: வாசல் பக்கம் வீட்டின் பிரதான டிபி (மின்சாரத்தைப் பங்கிடும் பெட்டி). அதில் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது. அங்கிருந்து 18 மீட்டர் கேபிள் பம்பு அறைக்கு வந்து ஒரு சின்ன டிபியில் முடிகிறது. அதற்குள் எம்சிபி (கரண்டு அளவு மீறினால் விழும் சுவிட்ச்) மட்டும், ஆர்சிசிபி இல்லை. கேபிளோடு வந்த பச்சை எர்த் வயரை டேப் சுற்றி மடக்கி விட்டிருக்கிறார்கள், எதிலும் சேர்க்கவில்லை. பம்பு அறைக்கு வெளியே தனியாக ஒரு எர்த் ராடு (மண்ணுக்குள் இறக்கும் உலோகக் கம்பி) அடித்து, பம்பையும் கைப்பிடியையும் அதில் கட்டியிருக்கிறார்கள். குத்தகையாளரைக் கேட்டால், "குளத்துக்குத் தனி எர்த்துதான் பாதுகாப்பு, வீட்டு எர்த்தோடு சேர்த்தால் வீட்டுக் கோளாறெல்லாம் குளத்துக்கு வந்துவிடும்" என்கிறார்.

இணையத்தில் அமெரிக்க வீடியோக்கள் பார்த்தேன். பிரதான பெட்டியில் நியூட்ரலையும் (கரண்டு திரும்பும் வயர்) எர்த்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள், துணைப் பெட்டியில் பிரிக்கச் சொல்கிறார்கள். குளத்தைச் சுற்றி மொத்தமான வெறும் செம்புக் கம்பி ஓடுகிறது. எங்கள் வீட்டில் எந்தப் பெட்டியிலுமே நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கவில்லை. நான் சேர்க்க வேண்டுமா? அந்தச் செம்புக் கம்பி இங்கேயும் தேவையா?

கெப்போங் ராஜபாட்டை:

தம்பி, 4 வோல்ட்டெல்லாம் ஆளைக் கொல்லாது. ராடு மண்ணில் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு ராடு அடித்து இரண்டையும் சேருங்கள். எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரில் இதே மாதிரி இருந்தது, இரண்டாவது ராடு அடித்ததும் சரியாகிவிட்டது.

ஆயர் ஈத்தாம் வயர்மேன்:

முதலில் ஒன்று. பிரதான டிபியில் குளத்துக்குப் போகும் எம்சிபியை இறக்கிவிட்டு, அதன் மேல் டேப் ஒட்டி "தொடாதே" என்று எழுதி வையுங்கள். பம்பு ஓடாமல் தண்ணீர் பச்சையானால் ஆகட்டும். பம்பு அறைப் பெட்டியை நீங்களே திறந்து வேலை செய்ய வேண்டாம்.

நான் பினாங்கில் முப்பது வருஷமாக வயரிங் செய்கிறேன். ராஜபாட்டை ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இதை மறுத்தே ஆக வேண்டும். 4 வோல்ட் கொல்லாது என்பது இன்றைக்குச் சரி. ஆனால் அந்த 4 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பம்பை நிறுத்தினால் இறங்குகிறது என்று தம்பியே அளந்து சொல்லிவிட்டார். பம்புக்குள் மின்சாரம் கசிகிறது. கசிந்தது பம்பின் உடம்புக்கு வந்து, அங்கிருந்து அந்தத் தனி ராடு வழியாக மண்ணுக்குப் போகிறது.

ஒன்றரை மீட்டர் ராடு சாதாரண மண்ணில் 60 ஓம் காட்டும். கொட்டி நிரப்பிய மணலாக இருந்தால் 100ஐத் தாண்டும். 100 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 40 மில்லி ஆம்பியர் கசிந்தால் ராட்டில் கட்டிய அத்தனை இரும்பும் 4 வோல்ட் மேலே ஏறி நிற்கும். உங்கள் மீட்டர் காட்டியதும் அதுதான். 40 மில்லி என்பதால் பிரதான டிபியின் 100 மில்லி ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது.

நாளைக்குப் பம்பின் சுருள் முழுதாக எரிந்து லைவ் வயர் (கரண்டு வரும் வயர்) நேராகப் பம்பின் உடம்பில் ஒட்டியது என்று வையுங்கள். 230 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால் 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி 2.3 ஆம்பியருக்கு ஆயுசுக்கும் விழாது. காப்பாற்றப் போவது வாசலில் இருக்கும் அந்த ஒரே ஆர்சிசிபிதான். அதன் டெஸ்ட் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? பல வருஷம் அழுத்தாமல் உள்ளே இறுகிப்போன ஆர்சிசிபிகளை என் கையாலேயே எத்தனையோ கழற்றியிருக்கிறேன். அது இறுகியிருந்தால் அம்மா பிடிக்கும் கம்பி 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கும். இன்னொரு ராடு அடித்தால் 4 வோல்ட் 2 ஆகும், அம்மாவுக்குச் சுருக்கென்பது நின்றுவிடும், பம்பு கசிந்துகொண்டே இருக்கும். எனக்குப் பயமே அதில்தான். எச்சரிக்கை மட்டும் போய்விடும்.

இப்போது நியூட்ரல் கேள்வி. சேர்க்காதீர்கள். அமெரிக்கக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊர் அமைப்புக்குச் சரி. அங்கே வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஒரு முறை சேரும், அதற்குப் பிறகு எங்கும் சேராது. இங்கே நம் வீடுகளில் இருப்பது டிடி முறை. மின்சாரம் தரும் தெனாகா நிறுவனத்தின் நியூட்ரல் துணைமின்நிலையத்தில் எர்த் ஆகிறது. வீட்டு எர்த் நம் சொந்த ராடு. இரண்டும் வீட்டுக்குள் சேரவே கூடாது. துணைப் பெட்டியில் சேர்த்தால் நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போகும், ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. எங்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், பம்பின் உடம்பும் கைப்பிடியும் லைவாகிவிடும்.

உங்கள் குத்தகையாளர் சொன்ன தனி எர்த் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பலர் நம்புகிறார்கள், நானும் கற்றுக்கொண்ட காலத்தில் நம்பினேன். ஒரே ஆர்சிசிபியின் காவலில் இருக்கும் சாமான்கள் எல்லாம் ஒரே எர்த்தில்தான் சேர வேண்டும். டேப் சுற்றிய அந்தப் பச்சை வயரைச் சின்ன டிபியின் எர்த் பாரில் (எர்த் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) கட்டச் சொல்லுங்கள். குளத்து ராட்டையும் எடுக்க வேண்டாம், அதுவும் அதே பாரில் இருக்கட்டும்.

ஆனால் எர்த் மட்டும் குளத்துக்குப் போதாது. இதைத்தான் நான் பெரிதாகச் சொல்ல வந்தேன். எர்த் என்பது கசிந்த கரண்டுக்குப் போக வழி. பாண்டிங் என்பது ஆள் தொடக்கூடிய எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைப்பது. பினாங்கு ஃபெர்ரியில் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். அலையில் ஃபெர்ரி ஓர் அடி ஏறினால் உள்ளே நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது, அவரும் சேர்ந்து ஏறுகிறார். ஒரு கால் படகுத்துறையிலும் ஒரு கால் ஃபெர்ரியிலும் வைத்தவர்தான் விழுவார். அம்மாவின் கை ராட்டின் மட்டத்தில் இருக்கிறது, கால் மண்ணின் மட்டத்தில் இருக்கிறது. கைப்பிடியை எர்த்தில் கட்டியவர்கள், அம்மா நிற்கும் தரைக்குள் இருக்கும் கம்பி வலையைக் கட்டவில்லை. வேலையைப் பாதியில் விட்டதால், கட்டாமலே இருந்திருந்தால் வராத கோளாறு இப்போது வந்திருக்கிறது.

அந்தச் செம்புக் கம்பி தேவையா என்றால், தேவை. அமெரிக்கக்காரர்கள் போடும் எட்டாம் நம்பர் கம்பி என்பது நம் கணக்கில் எட்டு சதுர மில்லிமீட்டர் சொச்சம். நமக்கு எம்எஸ் ஐஇசி 60364 என்ற மின் தரநிலையில் நீச்சல் குளத்துக்கென்றே 702ஆம் பகுதி இருக்கிறது. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை ஒரு மண்டலம், அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் இன்னொரு மண்டலம், ஆக மூன்றரை மீட்டர். அதற்குள் மண்ணோடு தொடர்புள்ள இரும்பு எல்லாம் ஒன்றோடொன்று சேர வேண்டும், அங்குள்ள மின் சாமான்களின் எர்த்தோடும் சேர வேண்டும். கம்பி 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உப்புக் குளம் என்றால் நான் 10 போடுவேன். பிவிசி குழாய்களை விட்டுவிடலாம்.

சின்ன டிபியில் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். 702 சொல்வது 30 மில்லி. நம் 1994 மின்சார ஒழுங்குமுறை, தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி என்கிறது. குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 போடுவது இதனால்தான். நல்ல பம்பு 10 மில்லியில் தாராளமாக நிற்கும். நிற்கவில்லை என்றால் பம்பில்தான் கோளாறு, 10ஐக் கழற்றி 100 போடுகிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். இன்வெர்ட்டர் வைத்த புதுவகைப் பம்பு என்றால் ஏ வகை ஆர்சிசிபியா வேறா என்று பம்புத் தயாரிப்பாளரின் தாளைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். சாதாரண ஏசி வகை அதற்குச் சரிப்படாது.

தண்ணீருக்குள் விளக்கு இருக்கிறதா? அதைச் சொல்லவில்லையே.

பாயான் லெப்பாஸ் பராமரிப்பு அக்கா:

வயர்மேன் அண்ணே எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், அளக்கும் முறை பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். டிஜிட்டல் மீட்டர் சில சமயம் இல்லாத வோல்ட்டையும் காட்டும். பக்கத்தில் ஓடும் கேபிளின் தூண்டலே போதும். மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஈர உடம்பு ஏறக்குறைய அந்த அளவுதான். வோல்ட் சரிந்து காணாமல் போனால் அது பொய். அப்படியே நின்றால் பின்னால் நிஜமான கரண்டு இருக்கிறது. உங்கள் அம்மா உணர்ந்துவிட்டார், அதனால் பொய்யாக இருக்காது, இருந்தாலும் வேலை முடிந்தபின் சரிபார்க்க இது உதவும்.

இன்னொன்று. வருகிற வயர்மேனிடம் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். வேலை முடிந்ததும் பாரம் ஜி, பாரம் எச் என்ற இரண்டு படிவங்களையும் கையெழுத்தோடு வாங்குங்கள். ஜி வேலை மேற்பார்வைக்கும் முடிவுக்கும், எச் சோதனைக்கும். உங்கள் குளம் கட்டியபோது அவை வந்தனவா?

செகாம்புட் மூலைவீடு:

பாரம் எதுவும் வரவில்லை அக்கா. அப்படி ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும்.

தண்ணீருக்குள் இரண்டு விளக்கு உண்டு, 12 வோல்ட். அதன் டிரான்ஸ்ஃபார்மர் குளத்தோர பெஞ்சுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. விளிம்பிலிருந்து அளந்தேன், 1.2 மீட்டர்.

எம்சிபியை இறக்கி டேப் ஒட்டிவிட்டேன். சனிக்கிழமை ஒரு பதிவுபெற்ற வயர்மேன் வருகிறார்.

ஆயர் ஈத்தாம் வயர்மேன்:

அந்த டிரான்ஸ்ஃபார்மர் அங்கே இருக்கக் கூடாது. 12 வோல்ட் வயர்தான் குளத்தருகே வரலாம். 230 வோல்ட் நுழையும் பக்கம் பம்பு அறைக்குள் போகட்டும், மூன்றரை மீட்டருக்கு வெளியே. அது பாதுகாப்புக்கென்றே பிரித்துக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர்தானா என்று மேலே அச்சிட்டதைப் படிக்கச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் எல்லா 12 வோல்ட் பெட்டியும் குளத்துக்கு ஆகாது. இன்னொன்று, அந்த 12 வோல்ட் வயரை எர்த்தில் கட்டக் கூடாது. எல்லாவற்றையும் கட்டு கட்டு என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு அதையும் கட்டிவிடப் போகிறீர்கள்.

தரையின் கம்பி வலைக்கு ஓடு உடைக்க வேண்டியிருக்கும். இரண்டு இடத்திலாவது, எதிரெதிர் மூலையில். ஓர் இடத்தில் மட்டும் கட்டினால் கான்கிரீட்டுக்குள் வலை எங்காவது விட்டுப்போயிருந்தால் தெரியாது. வெண்கல கிளாம்ப் போட்டு, மூடுவதற்கு முன்பு கட்டிய ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓம் அளந்து பார்க்கட்டும். அரை ஓமுக்கு மேல் காட்டினால் நான் சிமெண்ட் பூச விடமாட்டேன். மூடுவதற்கு முன் நீங்கள் போட்டோ எடுத்து வையுங்கள், பத்து வருஷம் கழித்து யாராவது தேடுவார்கள்.

செகாம்புட் மூலைவீடு:

பதினொரு நாள் ஆயிற்று. நடந்ததை எழுதுகிறேன்.

வந்த வயர்மேன் முதலில் லைவையும் நியூட்ரலையும் சேர்த்து கிளாம்ப் மீட்டரில் பிடித்தார். கசிவு 38 மில்லி ஆம்பியர். ராட்டை அளந்தார், 110 ஓம். பெருக்கிப் பார்த்தேன், 4.18 வோல்ட். ஆயர் ஈத்தாம் அண்ணே, நீங்கள் குளத்தைப் பார்க்காமலே சொன்ன கணக்கு.

பம்பின் வயர் பெட்டியை அவர் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். கேபிள் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்ட் இறுக்கப்படவே இல்லை, விரலால் சுழன்றது. உள்ளே எறும்பு மண் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. அந்த மண் ஈரமாகி, லைவ் திருகாணிக்கும் பெட்டியின் இரும்புக்கும் நடுவே பாலம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. திருகாணியின் தலை பச்சை பிடித்திருந்தது. அம்மா "எறும்பு கடிச்ச மாதிரி" என்றது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

சுத்தம் செய்து காயவைத்து மெகரில் (கசிவுத் தடையை அளக்கும் கருவி) 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் முள் ஒரு மெகாஓமைத் தொடவில்லை. சுருளுக்குள்ளும் ஈரம் போயிருக்கிறது என்றார். புதுப் பம்பு வாங்கிவிட்டேன், 1,150 வெள்ளி (ரிங்கிட்). ரீவைண்ட் செய்தால் பாதிக் காசுதான், ஆனால் அம்மா இறங்குகிற தண்ணீர் அது.

பச்சை வயர் எர்த் பாரில் சேர்ந்தது. சின்ன டிபியில் 10 மில்லி ஆர்சிசிபி. டிரான்ஸ்ஃபார்மர் பம்பு அறைக்கு மாறியது. ஓடு மூன்று இடத்தில் உடைத்தோம். முதலில் கட்டிய இரண்டு முனைக்கும் நடுவே 14 ஓம் காட்டியது. வலை இரண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள், நடுவே கட்டுக்கம்பிகூட இல்லை. நீங்கள் இரண்டு இடம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் பாதித் தரை கட்டப்படாமலே போயிருக்கும். மூன்றாவது இடத்தில் உடைத்து இரண்டு துண்டையும் 10 சதுர மில்லிமீட்டர் செம்பால் இணைத்தபின் 0.2 ஓம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, டிபி கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஜி, எச் இரண்டு பாரமும் கையில் இருக்கிறது.

பம்பு ஓடும்போது 1,000 ஓம் ரெசிஸ்டரோடு கைப்பிடிக்கும் தரைக்கும் அளந்தார். 0.02 வோல்ட்.

புதன்கிழமை காலையில் அம்மா இறங்கினார். முதலில் கம்பியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முழுக்கையால் பிடித்தார். இருபது நிமிஷம் நடந்தார்.

ஒன்று மட்டும் பாக்கி. பக்கத்து வீட்டு எல்லையில் இரும்பு வேலி இருக்கிறது. அதன் ஒரு கம்பம் குளத்தின் விளிம்பிலிருந்து 1.8 மீட்டரில் வருகிறது. கம்பம் அவர்களுடையது. அதையும் கட்ட வேண்டுமா?

ஆயர் ஈத்தாம் வயர்மேன்:

14 ஓம் கேட்டதும் நெஞ்சு பதறிவிட்டது. நல்லவேளை அளந்தார்.

கம்பம் மண்ணில் ஊன்றியது, 2 மீட்டருக்குள் இருக்கிறது. அம்மா தண்ணீரிலிருந்து ஏறி அதில் கை ஊன்றவும் கூடும். கட்டத்தான் வேண்டும். ஆனால் வேலி முழுதும் ஒரே இரும்பாக அவர்கள் வீட்டு கேட் வரை ஓடினால் கட்டாதீர்கள். உங்கள் எர்த்தில் வரும் வோல்ட் அவர்கள் பிள்ளைகள் தொடும் கேட்டுக்குப் போய்விடும். அப்படி என்றால் பக்கத்து வீட்டாரிடம் பேசி, அந்த இடத்தில் மட்டும் இரும்பை எடுத்துவிட்டு மரப்பலகையோ செங்கல் சுவரோ வைப்பது மேல். வேலி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

செகாம்புட் மூலைவீடு:

இப்போதுதான் நடந்து பார்த்தேன் அண்ணே. கேட் வரை ஒரே இரும்பாகத்தான் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அங்கிள் நல்லவர், மாலையில் போய்ப் பேசுகிறேன். அதுவரை அந்தப் பக்கம் பூத்தொட்டிகளை வரிசையாக வைத்து மறித்திருக்கிறேன்.